விழாக்கால ஓய்வும் வேலைத் திறனும்

சித்திரை பிறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போதே இலங்கையின் கந்தோர்களில் ஒரு மாற்றம் தோன்றிவிடுகின்றது. புகையிரத ஆசனப் பதிவு, பிள்ளைகளின் புத்தாடை, வீட்டுக்கு அடிக்கவேண்டிய வெள்ளை, ஊரிலிருந்து வரப்போகும் உறவினர் என்பன பேச்சில் முதலிடம் பெறுகின்றன. மேசைமேற் கிடக்கும் கோவைகள் மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. அலுவலை நாடி வருவோர்க்கு, “வருடப் பிறப்புக் கழியட்டும், பார்ப்போம்” என்னும் விடை கிடைக்கத் தொடங்குகின்றது. வருடம் பிறந்து ஒரு வாரம் கழிந்த பின்னரும் அந்த விடை மாறுவதில்லை. “இப்போதுதானே வந்திருக்கிறோம்” என்னும் சொற்றொடர் மட்டும் புதிதாக வந்து சேருகின்றது. நத்தாரை ஒட்டிய மார்கழிக் கடைசியிலும், தைப்பொங்கலை ஒட்டிய நாட்களிலும், தீபாவளிக் காலத்திலும் சிறிய அளவிலே இதே காட்சியைக் காணலாம்.

இந்நிலை குறித்து இருவகை முறைப்பாடுகள் எழுவதுண்டு. விழாக்கள் வேலையைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. வேலை விழாவைக் கெடுக்கின்றது என்பது மற்றொன்று. முன்னதை மேலதிகாரிகளும் பொதுமக்களும் கூறுவர்; பின்னதை ஊழியரும் அவர்தம் குடும்பத்தினரும் கூறுவர். இரண்டிலும் உண்மை இருக்கின்றது. ஆயினும், இரண்டுக்கும் காரணம் விழாவுமன்று, வேலையுமன்று. ஓய்வு எங்கே முடிகின்றது, வேலை எங்கே தொடங்குகின்றது என்னும் எல்லை அழிந்துபோவதே காரணம். எல்லை தெளிவாக இருக்குமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். அது மங்குமிடத்தில் இரண்டும் கெடும்.

விழாக்கள் வேலைக்குப் பகையாகத் தோன்றியவையல்ல என்பதை உழவர் வாழ்க்கை காட்டுகின்றது. ஈழத்து உலர் வலயத்திலே புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் மழையை எதிர்நோக்கி விதைக்கப்படும் காலபோகம் தை, மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகின்றது. சிறுபோகத்துக்கான உழவு சித்திரையிலும் அதன் பின்னருமே தொடங்கும். அறுத்த நெல் களஞ்சியத்தில் இருக்கின்றது. அடுத்த விதைப்புக்கு இன்னும் நாளிருக்கின்றது. சித்திரை வருடப் பிறப்பு இவ்விடைவெளியிலேதான் வருகின்றது. தைப்பொங்கலும் அவ்வாறே, புதிய நெல் வீட்டுக்கு வரும் காலத்தில் ஞாயிற்றுக்கு நன்றி செலுத்தும் நாளாக அது அமைந்தது. வேலையின் ஓட்டத்தை அறிந்தவர்கள், வேலை தானாகவே தளரும் இடத்தைத் தேர்ந்து அங்கே விழாவை வைத்தார்கள்.

கந்தோருக்கும் தொழிற்சாலைக்கும் இத்தகைய அறுவடை இடைவெளி கிடையாது. ஓய்வூதிய விண்ணப்பம் காலபோகம் பார்த்து வருவதில்லை. நோயாளிக்குத் தை மாதமும் ஆனி மாதமும் ஒன்றே. ஆகவே, உழவருக்குப் பருவகாலம் தானே வகுத்துக் கொடுத்த எல்லையை இன்றைய ஊழியர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அதனை வகுப்பதற்கு வேறெங்கும் வழி தேடவேண்டியதில்லை. வருடப் பிறப்புச் சடங்குகளிலேயே வழி இருக்கின்றது. வருடம் பிறக்கும் வேளைக்கு முன் நான்கு மணி நேரமும் பின் நான்கு மணி நேரமும் விஷு புண்ணியகாலம் எனத் தமிழர் கைக்கொள்ளும் பஞ்சாங்கத்திலே குறிக்கப்படுகின்றது. அவ்வேளையில் மருத்துநீர் வைத்து, தலையிலும் காலிலும் பஞ்சாங்கம் விதித்த இலைகளை வைத்து நீராடி, புத்தாடை புனைந்து, வழிபாடு இயற்றுவர். சிங்கள மக்களிடையே இக்காலம் ‘நொனகதய’ எனப்படும். அதன் அளவு 12 மணி 48 நிமிடம். இந்தக் கணக்கு வானியலிலிருந்து வந்தது. வானத்திலே ஞாயிற்று வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 32 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. ஞாயிறு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால், அதன் வட்டம் முழுவதும் மீனராசியைக் கடந்து மேடராசியில் நுழைவதற்கு அவ்வளவு நேரம் செல்லும். அதன் முற்பாதியில், அதாவது 6 மணி 24 நிமிட நேரத்தில், அடுப்பு மூட்டுவதுமில்லை. தொழில் எதுவும் செய்வதுமில்லை. பிற்பாதியிற் குறித்த சுபவேளையில் அடுப்பு மூட்டுவர். குறித்த வேளையில் வேலை தொடங்குவர். குறித்த வேளையிற் கொடுக்கல் வாங்கல் செய்வர். சில நாட்கள் சென்றபின், தொழிலுக்காக வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கும் தனியே ஒரு சுபவேளை உண்டு. தமிழர் இல்லங்களிலும் கைவிசேஷத்துக்கு நேரம் உண்டு. நாளேர் பூட்டுவதற்கும், வணிகர் புதுக்கணக்குத் தொடங்குவதற்கும் நாள் பார்ப்பது வழக்கம்.

சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இவ்வொழுங்கிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. நிறுத்துவதற்கு ஒரு நேரம் இருக்கின்றது. மீளத் தொடங்குவதற்கும் ஒரு நேரம் இருக்கின்றது. நிறுத்திய வேளையில் வேலை முற்றாக நிற்கின்றது. தொடங்கும் வேளையில் வீட்டார் யாவரும் ஒன்றாகத் தொடங்குகின்றனர். “ஆறுதலாகத் தொடங்கலாம்” என்று காலவரையறையின்றி விடும் வழக்கம் மரபில் இல்லை. அவ்வழக்கம் கந்தோரிலேதான் பிறந்தது.

ஓய்வு வேலைக்கு ஊட்டம் தருவது என்பதற்கு மேனாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்தும் சான்று உண்டு. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் வெடிமருந்துத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் உழைக்க நேர்ந்தது. போருக்கு வேண்டிய குண்டுகளை விரைந்து செய்வதே நோக்கம். ஆயினும், 1915 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிலாளர் சுகாதாரக் குழு நிலைமையை ஆராய்ந்து, ஞாயிறு வேலையைக் கைவிட வேண்டும் என விதந்துரைத்தது. அக்குழு திரட்டிய கணக்குகளை யோன் பென்கவெல் என்னும் பொருளியலாளர் மீண்டும் ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த மொத்த விளைவு, 56 மணி நேரம் உழைத்தபோது கிடைத்ததிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்பது அவர் கண்டது. கூடுதலான 14 மணி நேர உழைப்பு ஏறக்குறைய வீணாயிற்று. வாரத்தில் ஒரு நாளேனும் ஓயாதபோது உற்பத்தி குன்றியதையும் அவர் எடுத்துக்காட்டினார். போர்க்கால அவசரத்திலேயே ஓய்வு இன்றியமையாதது என்றால், அமைதிக் கால அலுவலகத்துக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் விடுமுறையைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்னும் வினா எழும். இலங்கையில் ஆண்டுதோறும் வரும் பொது விடுமுறை நாட்கள் ஏறக்குறைய இருபத்தைந்து. 1885 ஆம் ஆண்டில் வெசாக் பௌர்ணமி மீண்டும் அரசாங்க விடுமுறையாயிற்று. அதன் பின் பல சமயங்களின் திருநாட்களும், மாதந்தோறும் வரும் பௌர்ணமிப் போயா நாட்களும் அந்தப் பட்டியலிற் சேர்ந்தன. நான்கு பெருஞ் சமயங்கள் வாழும் நாட்டில் ஒருவர் திருநாளை மற்றவரும் மதித்து ஓய்வது நற்பண்பு. ஆகவே, எண்ணிக்கையைவிட அமைப்பே இங்கு கருதத்தக்கது. அதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு.

1965 ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி, 1966 தொடக்கம் சனி, ஞாயிறு வார விடுமுறை நீங்கி, போயா நாளும் அதற்கு முந்திய நாளும் வார ஓய்வு நாட்களாயின. அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமிகள் என மாதத்துக்கு நான்கு போயா நாட்கள். சந்திர மாதம் ஏறக்குறைய 29½ நாள். அதனை நான்காகப் பகுத்தால் ஒரு பங்கு ஏழு நாளிலும் சற்றுக் கூடும். ஆகவே வாரத்தின் நீளம் ஒருபடித்தாய் இருக்கவில்லை. ஒருமுறை வந்த ஓய்வு நாள் அடுத்த முறை வேறு கிழமையில் வந்தது. பாடசாலை நேரசூசியையும் புகையிரத நேர அட்டவணையையும் சந்திரனைப் பார்த்து அமைக்கவேண்டியிருந்தது. கொழும்பு வணிக நிலையங்கள் திறந்திருக்கும் ஞாயிறன்று இலண்டன் மூடியிருந்தது. இலண்டன் திறந்திருக்கும் ஒரு நாளிற் கொழும்பு மூடியிருந்தது. 1971 ஆம் ஆண்டில் ஞாயிறு விடுமுறை மீண்டது; பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. அந்த ஆண்டுகளில் மக்கள் ஓயவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஓய்வு எப்போது வரும் என்பதை வேலையின் ஒழுங்கோடு இணைக்க முடியாது போனமையே இடர்ப்பாடு. முன்கூட்டி அறிந்து, பிறரோடு பொருந்த அமைத்த ஓய்வே நன்மை தரும் என்பது அக்காலத்தின் பாடம்.

இனி, விழாவுக்கு முன்னும், விழாவின்போதும், விழாவுக்குப் பின்னும் செய்யத்தக்கவற்றை முறையே நோக்கலாம்.

விடுமுறைக்கு முந்திய வாரத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை, எல்லா வேலையையும் முடித்துவிட முயல்வது. அல்லது எதையும் தொடாமல் விடுவது. செய்யத்தக்கது வேலையை மூன்றாகப் பகுப்பதே. விடுமுறைக்கு முன் முடித்தே தீரவேண்டியவை ஒரு வகை. விடுமுறையின்போது பிறர் கவனிக்கவேண்டியவை இரண்டாம் வகை. திரும்பி வந்தபின் செய்தால் யாருக்கும் தீங்கில்லாதவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையை மனத்துயரின்றி ஒதுக்கத் தெரிந்தவருக்கே முதல் வகையை முடிக்க நேரம் கிடைக்கும்.

1955 ஆம் ஆண்டில் நோர்த்கோட் பார்க்கின்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர், கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்புமாறு வேலை விரிந்து செல்லும் என்று நகைச்சுவையாக ஒரு விதியை எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரிலே மலாயாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் விதியின் மறுபக்கம் விழாக்காலத்துக்குப் பொருந்தும். நேரம் சுருங்கும்போது வேலையையும் அதன் சாரத்துக்குச் சுருக்கலாம். இரண்டு பக்க அறிக்கை அரைப் பக்கத்தில் அமையலாம். ஒரு மணி நேரக் கூட்டம் கால் மணியில் முடியலாம். ஆண்டு முழுவதும் இயலாதென்று எண்ணியது விழாவுக்கு முந்திய வாரத்தில் இயலுவதைப் பலர் கண்டிருப்பர்.

இரண்டாம் வகை வேலையே மிகுந்த கவனத்துக்குரியது. மக்கள் துன்பப்படுவதும் அங்கேதான். கணவனை இழந்த ஒரு பெண்ணின் ஓய்வூதியக் கோவையை எண்ணிப் பார்க்கலாம். எல்லாப் பத்திரங்களும் சேர்ந்துவிட்டன. ஒரு கையொப்பம் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. கோவை ஓர் இலிகிதரின் இலாச்சிக்குள் இருக்கின்றது. இலிகிதர் விடுமுறையிற் சென்றுவிட்டார். திறப்பும் அவரோடு சென்றுவிட்டது. அந்தப் பெண் இரண்டு பஸ் வண்டி மாறிப் பிரதேச செயலகத்துக்கு வருகின்றாள். “அவர் வரவில்லை” என்னும் விடையுடன் திரும்புகின்றாள். மறுவாரமும் வருகின்றாள். இலிகிதர் விடுமுறை எடுத்தது பிழையன்று. அஃது அவருடைய உரிமை. கோவை எங்கே இருக்கின்றது, எந்நிலையில் இருக்கின்றது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்னும் மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதித் திறப்போடு அயல் மேசைக்காரரிடம் கொடுக்காததே பிழை. அம்மூன்று வரிகளை எழுத ஐந்து நிமிடம் போதும். அவை இல்லாமையால் ஓர் ஏழைக் குடும்பம் ஒரு மாத உணவை இழக்கவும் கூடும்.

விடுமுறையின்போது செய்யத்தக்கது யாது? ஓய்பவர் ஓயவேண்டும். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என நிற்பவருக்கு இரண்டும் இல்லை. முதலாம் தவணை முடிந்து சித்திரை விடுமுறைக்குச் செல்லும் ஆசிரியர் பலர் விடைத்தாட் கட்டுகளை ஊருக்குச் சுமந்து செல்வதுண்டு. முதல் நாள் கட்டு அவிழ்க்கப்படுவதில்லை. இரண்டாம் நாள் விருந்தினர். மூன்றாம் நாள் கோயில். ஆயினும் பலகாரம் உண்ணும்போதும் கட்டு நினைவில் நிற்கின்றது. பிள்ளைகளோடு இருக்கும்போதும் நினைவில் நிற்கின்றது. ஈற்றில் அவிழ்க்கப்படாத கட்டும் ஆறாத களைப்பும் ஒன்றாகத் திரும்பி வருகின்றன.

முடியாத வேலை மனத்தை அரிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அதற்கு ஒரு மாற்று உண்டு என்பதை மசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் உளவியலாளர் இருவர் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலையை முடித்தால்தான் மனம் அமையும் என்பதில்லை; அதனை எப்போது, எவ்வாறு செய்வது என்று திட்டவட்டமாக வகுத்துக்கொண்டாலும் அந்நினைவின் தொல்லை தணிகின்றது என்பதே அவர்கள் கண்டது. ஆகவே, ஆசிரியர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கட்டைப் பாடசாலையிலே பூட்டிவைத்து, திரும்பிய முதல் மூன்று நாட் பிற்பகல்களை அதற்கென எழுதிவைக்கலாம். அல்லது வருடப் பிறப்பின் மூன்றாம் நாட் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை என நேரம் குறித்து, அந்நேரத்தில் அதனை மட்டுமே செய்யலாம். குறித்த நேரம் இருப்பின், மற்ற நேரமெல்லாம் விடுதலை பெறும்.

கைத்தொலைபேசி இக்காலத்தில் இந்த எல்லையைப் பெரிதும் அழித்துவிட்டது. முன்னர் கந்தோர் மூடியதும் கந்தோரின் குரலும் ஓய்ந்தது. இன்று அது சட்டைப் பைக்குள் இருந்து அழைக்கின்றது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால், அதனைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் அதனை மறப்பதற்கு ஒரு மணி நேரமும் செல்கின்றன. இன்றியமையாத பொறுப்புடையோர் நாளில் ஒரு குறித்த வேளையில் மட்டும் செய்திகளைப் பார்ப்பதென்றும், உண்மையான அவசரமாயின் நேரே அழைக்கவேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று. அவசரமல்லாதவற்றை விடுமுறை நாளில் அனுப்பாதிருப்பது மேலதிகாரிகளின் கடமை.

இனி, விழா நாளிலும் வேலை செய்தே ஆகவேண்டியவர் பலர் உளர். தாதியர், மருத்துவர், புகையிரதச் சாரதிகள், மின்சார சபை ஊழியர், பொலிசார் ஆகியோரின்றி விழாவே நடவாது. சித்திரை நாட்களில் வீதி விபத்துக்களும் பட்டாசுக் காயங்களும் கூடுவதால் வைத்தியசாலைகள் வழக்கத்திலும் ஆயத்தமாக இருக்கவேண்டியிருக்கின்றது. அடுப்பு மூட்டும் சுபவேளையை நாட்டுக்கு அறிவிக்கும் வானொலி அறிவிப்பாளர் தம் வீட்டு அடுப்பருகில் நிற்பதில்லை. மலையகத்திலே, மேற்குச் சரிவுத் தோட்டங்களில், சித்திரையும் அதனை அடுத்த மாதங்களும் கொழுந்து மிகும் காலம். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒருமுறை கொய்யப்படும் செடி, விழாவென்று வளராமல் நிற்பதில்லை. கொய்யும் முறை தவறினால் கொழுந்து முற்றித் தேயிலையின் தரம் குறையும். ஆதலின், விழாவுக்கு முன்னும் பின்னும் மலைகளைப் பகுத்துக் கொய்யத் திட்டமிட வேண்டியிருக்கின்றது.

இத்தகையோருக்கு நீதியான முறைமாற்று ஒழுங்கே விழாவாகும். இவ்வகையில் இலங்கைக்கு ஒரு பேறு உண்டு. சித்திரையிலே சைவரும் பௌத்தரும் வீடு செல்ல, முஸ்லிம், கிறித்தவ ஊழியர் கடமையை ஏற்கலாம். நத்தாருக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மற்றவர் அக்கடனைத் திருப்பலாம். எத்தனையோ வைத்தியசாலைகளிலும் தபாற்கந்தோர்களிலும் எழுதா விதியாக இவ்வழக்கம் நடந்துவருகின்றது. ஒருவர் மற்றவருடைய பண்டிகையைக் காத்துக் கொடுப்பது சொற்பொழிவுகளாலே வளர்க்க முடியாத ஒற்றுமையை வளர்க்கும். இவ்வொழுங்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுச் சுவரிலே தொங்கவேண்டும். கடைசி வாரத்தில் வாய்ச்சொல்லால் அமையும் ஒழுங்கு, கேட்கத் தெரிந்தவருக்கு விடுமுறையும் கேட்கக் கூசுபவருக்கு வேலையுமாக முடியும். இளையவர், மணமாகாதவர், தொலைவில் ஊர் உள்ளவர் ஆகியோரே ஆண்டுதோறும் அதனாற் பாதிக்கப்படுவர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்வதற்குப் புகையிரத வழியில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போகவும் வரவும் செல்லும் நேரத்தையும் கணக்கிட்டே தூரத்து ஊழியருக்கு நாள் ஒதுக்குதல் வேண்டும்.

வீட்டிலும் ஒரு வேலைத்தலம் உண்டு. அங்கே விடுமுறை என்னும் சொல்லுக்கு இடமில்லை. பயற்றம்பணியாரத்துக்குப் பயறு வறுத்தல், சீனி அரியதரத்துக்கு அரிசி ஊறவைத்து இடித்தல், முறுக்குப் பிழிதல், வீடு கழுவுதல், விருந்தினருக்கு மூன்று வேளையும் சமைத்தல் என்பனவெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைகளையே சேர்கின்றன. இன்று அவர்களுட் பலர் ஆசிரியைகள், தாதியர், இலிகிதர்கள், தோட்டத்துக் கொழுந்துக்காரிகள். கந்தோர் மூடும் நாளில் ஆணின் உழைப்புக் குறைகின்றது. பெண்ணின் உழைப்பு இரட்டிக்கின்றது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் கணவன் இளைப்பாறியவனாகவும் மனைவி களைத்தவளாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. விழாக்கால வேலைத் திறன் பற்றிப் பேசுவோர் இதனைப் பேசாது விட்டாற் பாதி உண்மையை மறைத்தவராவர். உரலையும் துடைப்பத்தையும் ஆண்களும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வதால் பண்டிகையின் சிறப்புக் குறையாது. ஐந்து வகைப் பலகாரத்துக்குப் பதில் இரண்டு வகை செய்து, தாயும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் வீட்டிலேயே வருடம் நன்றாகப் பிறக்கும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். அரச ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் கிடைக்கின்றது. மலையகத் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் கிடைக்கின்றது. முற்பணம் நன்கொடையன்று, பின்னர் தவணை தவணையாகச் சம்பளத்திற் கழியும். நான்கு நாட் கொண்டாட்டத்துக்காகப் பல மாதம் மனக்கவலையோடு வேலைக்கு வருபவரிடம் திறமையை எதிர்பார்ப்பது அரிது. கழியப்போகும் தொகையை முதலிற் கணக்கிட்டு, பின்னர் புடவைக் கடைக்குச் செல்வதே அறிவுடைமை.

விழாவுக்குப் பின் வருவது மிகக் கடினமான பகுதி. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் சிலர், நீண்ட விடுமுறை எடுத்த ஊழியரின் உடல், உள நலத்தை ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விடுமுறை தொடங்கியதும் நலம் விரைவில் உயர்ந்து எட்டாம் நாளளவில் உச்சம் அடைந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திற்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஓய்வை நெற்போல் மூட்டையிற் கட்டி ஆண்டு முழுவதற்கும் சேமிக்க முடியாது. ஆகையால் பெருவிழாக்களோடு சிறு ஓய்வுகளும் வேண்டும். மாதந்தோறும் வரும் போயா நாளை உண்மையான ஓய்வு நாளாக்குபவர், ஓராண்டு ஓய்வையும் சித்திரையில் எடுத்துவிட முயலமாட்டார். மற்றையது, திரும்பி வரும் முதல் வாரத்தைப் பேணுவதே விடுமுறையின் பயனைப் பேணும் வழி என்பது. முதல் நாளிலேயே மேசையிற் குவிந்த அனைத்தையும் தள்ளிவிட முயல்பவர் மூன்றாம் நாளிற் சோர்ந்துவிடுவர். முதல் நாள் முழுவதையும் நலம் விசாரிப்பதிற் கழிப்பவருக்கோ அந்த வாரமே கழிந்துவிடும்.

இங்கேயும் மரபு வழிகாட்டுகின்றது. நாளேர் பூட்டும் உழவர் அன்றைக்கே வயல் முழுவதையும் உழுவதில்லை. சில சால்கள் மட்டுமே உழுவர். ஆனால் அந்தச் சால்களை ஒழுங்காக உழுவர். புதுக்கணக்குத் தொடங்கும் வணிகர் முதல் நாளிற் பெருவியாபாரத்தை நாடுவதில்லை. ஒரு சிறு கொடுக்கல் வாங்கலை நிறைவாகச் செய்வர். கந்தோருக்குத் திரும்புபவரும் முதல் நாட் காலையிலே ஒரு சிறு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடிக்கலாம். அது நெடுநாட் காத்திருக்கும் ஒருவருடைய வேலையாக இருப்பின் இன்னும் நன்று. சக ஊழியர் கொண்டுவந்த பலகாரத்தைத் தேநீர் வேளையிற் சேர்ந்து உண்ணலாம். தேநீர் வேளை முடிந்ததும் மேசைக்குத் திரும்பலாம். சிரிப்புக்கு ஒரு வேளையும் கோவைக்கு ஒரு வேளையும் உள்ள கந்தோரில் இரண்டும் தழைக்கும்.

இவையெல்லாம் தனி ஊழியரால் மட்டும் ஆகக்கூடியவையல்ல. தலைமை வகிப்போர் முதலில் நடந்துகாட்ட வேண்டும். விடுமுறைக்கு முந்திய நாளிற் புதிய வேலையைச் சுமத்தும் அதிகாரியும், விடுமுறை முடிந்து மூன்று நாள் தாமதித்து வரும் அதிகாரியும், தம் கீழுள்ளோரிடம் ஒழுங்கை வேண்ட உரிமை இழந்தவராவர். தாம் குறித்த நாளிற் சென்று, குறித்த நாளில் வந்து, தமது பொறுப்பையும் எழுத்தில் ஒப்படைத்துச் செல்லும் தலைவரின் கந்தோரில், சுற்றுநிருபம் ஒன்றும் தேவைப்படாது.

அந்தக் கந்தோரில், இரண்டு பஸ் வண்டி மாறி வரும் பெண்ணுக்கு “வருடப் பிறப்புக் கழியட்டும்” என்னும் விடை கிடைக்காது. இலிகிதர் ஊரிலே தம் பிள்ளைகளோடு கைவிசேஷம் வாங்கிக்கொண்டிருப்பார். அவருடைய மேசையில் அயலவர் ஒருவர் அமர்ந்திருப்பார். தாளில் மூன்று வரி எழுதப்பட்டிருக்கும். கோவை கையொப்பத்துக்குச் சென்றிருக்கும். அவள் வீட்டிலும் அன்று மாலை அடுப்பு எரியும்.